சொட்டிய குழாய்

டிசம்பர் 27, சனிக்கிழமை. மூன்றாம் மாடி வீட்டின் சமையலறைக் குழாய் பள்ளி விடுமுறை தொடங்கியதிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

“அப்பா, என் மேலயே பீச்சுது!”

“ஸ்பானர் பிடிக்கிற லட்சணம் அப்படியே உங்கம்மாதான்,” என்றார் மகளோடு குழாயைக் கழற்றியவர்.

“பிள்ளை முன்னாடி மானத்தை வாங்காதீங்க,” என்றாள் அம்மா.

குழாய் அடங்கிய நேரத்தில், கருவிப்பையுடன் உள்ளே வந்தார் அவளுடைய இரண்டாவது கணவர்.

மகளின் அப்பா எழுந்தார். “லீவுல பிள்ளையோட இருக்க விட்டீங்க, ரொம்ப நன்றிங்க. ஆனா நீங்களே பிளம்பராச்சே, இது உங்களுக்கு ஒரு வேலையா?”

“சும்மா கூப்பிட்டா நீங்க வரமாட்டேங்கறீங்க. அதான் விட்டு வெச்சேன். நாளைக்கு வந்து ஃபேனைப் பாருங்க.”

“ஃபேனுக்கு என்ன?”

“இப்போதைக்கு ஒண்ணுமில்ல.”

மறுநாளும் அவர் வந்தார். மகள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.