வலது கண்

சுவர் வெள்ளையாக இருந்தது.

அவள் இடது கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். வெள்ளைதான். லேசாக நீலம் போட்டு வெளுத்த வெள்ளை.

"செவுத்துக்கு எப்பங்க வெள்ளையடிச்சீங்க?"

நாச்சிமுத்து பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நானெங்க அடிச்சேன்? உன்ற கண்ணுதான் புதுசு."

அவள் நம்பவில்லை. கட்டிய புருஷன்தான். ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லாமல் காரியம் செய்கிற ஆள்.

வலது கண்ணை மறைத்தாள்.

சுவர் பழைய சுவரானது. சந்தனம் கரைத்துப் பூசியது போன்ற மஞ்சள். இத்தனை வருஷமாக அவள் பார்த்துப் பழகியது.

அன்று காலையில்தான் வலது கண்ணின் கட்டைப் பிரித்திருந்தார்கள். புரை எடுத்தாயிற்று. இடது கண்ணுக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை.

மாற்றி மாற்றி மறைத்துப் பார்த்தாள். கொடியில் காய்ந்த கறுப்புப் பாவாடை கருநீலமானது. மறுபடி கறுப்பானது.

எந்தக் கண் பொய் சொல்கிறது?

டாக்டரம்மா லென்ஸில் ஏதோ சாயம் ஏற்றிவிட்டாள். "பளிச்சுனு தெரியும்மா" என்றாளே தவிர, நீலத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஜன்னலுக்கு வெளியே வானம் கிடந்தது. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. இவ்வளவு நீலம் இருக்குமா?

அத்தனை அழகாக இருந்ததாலேயே அவளுக்குச் சந்தேகம் கூடியது.

வலது கண்ணாலேயே திரும்பி அவரைப் பார்த்தாள்.

அவர் உதடு நீலமாக இருந்தது.

அதுதானே. பார்க்கிற எல்லாவற்றிலும் நீலத்தைப் பூசுகிற கண்.

எழுந்து போய் பீரோக் கண்ணாடியில் தன் உதட்டைப் பார்த்தாள். அதே கண்ணால்.

சிவப்பாகத்தான் இருந்தது.

முகத்தைக் கண்ணாடிக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோனாள். நீலம் பொட்டளவும் இல்லை.

திரும்பி வந்து அவர் கையை எடுத்தாள். தன் விரல்களுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவள் நகங்கள் வெளிர்சிவப்பு. அவர் நகங்களுக்கடியில் யாரோ மை தொட்டு வைத்தது போல இருந்தது.

"என்ன புள்ள, இந்த வயசுல கையப் புடிக்கிற?"

சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது.

"எந்திரிங்க. சட்டையப் போடுங்க."

"எங்கீன்னு சொல்லு."

அவள் ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவுக்குப் போன் போட்டாள்.

அவர் மெதுவாகப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். அவள் ஒருமுறை, ஒரே ஒருமுறை, வலது கண்ணை மறைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

நன்றாகத்தான் இருந்தார்.