ஈக்களின் தலை

நைனார்பாளையத்துக்கு இந்தப் பக்கம் சாலையின் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. இடஒதுக்கீடு கேட்டு அதை வெட்டிச் சாய்த்தவர்கள் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

மணிமொழி ஐஸ் பெட்டியை அணைத்துக்கொண்டு ஜீப்பிலிருந்து இறங்கினாள். பின்னாலேயே ஆய்வக உதவியாள் காசிநாதன்.

பெட்டிக்குள் ஒரு பாட்டில். பாட்டிலுக்குள் அரைத்த ஈ.

வெல்லம் காய்ச்சும் இடத்தில் பிடித்த ஈக்கள். எந்த மருந்தடித்தாலும் சாகாதவை. நஞ்சை முறிக்கும் நொதி ஒன்று அவற்றின் உடம்பில் இருக்கிறது. அதை அளக்கத்தான் வருடக்கணக்காக மாரடிக்கிறாள். அளக்கும்போதெல்லாம் பூஜ்யம்.

குற்றவாளி ஈயின் கண் என்று போன மாதம்தான் தெரிந்தது. அரைக்கும்போது கண்ணிலுள்ள சிவப்புச் சாயம் கலந்து நொதியை முடக்கிவிடுகிறது. அதனால் இந்த முறை ஒவ்வோர் ஈயின் தலையையும் வெட்டிவிட்டாள். விரலெல்லாம் பிளேடுக் கீறல். வெட்டியது அவள், அரைத்தது காசிநாதன்.

ஐஸ் உருகுவதற்குள் கல்லூரியில் இருக்கும் கருவிக்குப் போய்ச் சேர வேண்டும். இன்றைக்கும் பூஜ்யம் என்றால் ஆராய்ச்சிக்கு மங்களம் பாடிவிடலாம் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார்.

மரத்தின் மேலிருந்த பெரியவர் கந்தசாமி பொறுமையாகத்தான் விசாரித்தார். ஆம்புலன்சில் வந்த நோயாளியை மரத்துக்கு அந்தப் பக்கம் தூக்கிவிட்டவர், ஈயையும் விட்டிருப்பார். தலை வெட்டிய கதையை இவள் பெருமையாகச் சொல்லாமல் இருந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே!

"ஈயோ எருமையோ, முண்டத்த ஊர் எல்லைய தாண்ட வுட முடியாதும்மா. ஊருக்கு ஆவாது."

அவள் கெஞ்சினாள். அறிவியல் சொன்னாள். அழுதும் பார்த்தாள். பெட்டியின் அடியில் தண்ணீர் சொட்டத் தொடங்கியது.

அவள் படும் பாட்டைப் பொறுக்க முடியாமல் காசிநாதன் முன்னால் வந்து கும்பிட்டான்.

"ஒண்ணுகூட முண்டமில்லீங்க. மேடம் வெட்டிப்போட்ட தலைய, பாவமேன்னு அரைக்கறப்ப நாந்தான் திரும்ப உள்ள போட்டுட்டேன்."

பெரியவரின் முகம் தெளிந்தது. பெட்டியை வாங்கி அந்தப் பக்கம் இறக்கிவிட எல்லோரும் கை நீட்டினார்கள்.

மணிமொழி பெட்டியைத் தரையில் வைத்தாள். ஏறி, புளியமரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

போராட்டத்தில் சேர்ந்துவிட்டாள் என்று நினைத்து அவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். கையில் ஒரு புளிச்சோற்றுப் பொட்டலமும் வந்து சேர்ந்தது.

பிரித்ததும் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. தலையோடு.