வெள்ளையடிக்காத சுவர்

இந்த வீட்டை யார் தலையிலாவது கட்டிவிட வேண்டும் என்று புரோக்கர் ஆறு மாதமாக அலைகிறார். முன்பு வாடகைக்கு இருந்தவர்களின் குழந்தை பின்பக்கத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இறந்துவிட்டதாம். வருகிறவர்கள் எல்லாம் அக்கம்பக்கத்தில் விசாரித்ததும் கழன்றுகொள்கிறார்கள்.

இன்று வந்த தம்பதி எதையுமே விசாரிக்கவில்லை.

"சொந்த வீடு இதுதான் முதலா சார்?"

"ஆமா. இதுவரைக்கும் வாடகை வீடுதான்," என்றார் கணவர்.

"ராசியான வீடு சார். பின்பக்கம் பார்க்கறீங்களா?" வேறு வழியில்லாமல் கேட்டுவைத்தார் புரோக்கர்.

"வேண்டாம்."

புரோக்கர் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

மனைவி அதற்குள் படுக்கையறைக்குப் போயிருந்தாள். சுவரில் இடுப்பளவு உயரத்தில், சிவப்புக் கிரேயானில் ஒரு கோணல் சூரியனும் ஐந்து கால் பூனையும் இருந்தன. அவற்றின் முன்னால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏதோ வாலு கிறுக்கியிருக்கும்மா. நாளைக்கே பெயிண்ட் அடிச்சு மறைச்சிடறேன்."

"ஐயோ, தொடாதீங்க!"

அவள் அலறிய அலறலில் புரோக்கர் கையிலிருந்த சாவிக்கொத்து கீழே விழுந்தது.

"இந்தச் சுவருக்காகத்தான் வீட்டையே வாங்கறோம்," என்றார் கணவர், தலையைக் குனிந்தபடி.

அவள் பூனையைத் தடவினாள். "வாடகை வீட்டுச் சுவருல கிறுக்குவியான்னு அன்னைக்கு அடிச்சேன். அழுதுக்கிட்டே பின்பக்கம் ஓடினா."

பிறகு சுவரோடு முகத்தை ஒட்டிவைத்துச் சொன்னாள்:

"இனிமே இது நம்ம சுவரு கண்ணு. எவ்வளவு வேணும்னாலும் கிறுக்கு. அம்மா அடிக்க மாட்டேன்."