பாறை ஏறிய இறால்

"சும்மா சொல்லக் கூடாது, அந்த இறாலுக்கு ஒரு கும்பிடு போடணும்!"

வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார் மீன்வளத் துறை ஆய்வாளர். கூடத்தில் உட்கார்ந்து முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்த இறாலுக்குங்க?"

"நம்ம கொடுக்கு இறாலுக்குத்தான்! வெளிநாட்டுலேர்ந்து பண்ணைக் குட்டையில வளர்க்கக் கொண்டுவந்தது. ஒரு மழையில தப்பிச்சு ஏரிக்கு வந்துடுச்சு. ஏரி வத்தினா சேத்துல வளை தோண்டிப் படுத்துக்குது. ஈரம் இருந்தாப் போதும், தரையிலயே நடந்து அடுத்த வாய்க்காலுக்குப் போயிடுது. இன்னிக்கு என்னடான்னா, பாறை உச்சிக் குளத்துல கிடக்குது! ஓடை கிடையாது, ஒண்ணும் கிடையாது. எமகாதகப் பயல், எப்படித்தான் ஏறினானோ!"

மனைவியின் கை முழங்காலிலேயே நின்றது. "யாராவது கொண்டுபோய் விட்டிருப்பாங்க."

"அதான் இல்ல. முதுகுல வெள்ளைப் பொட்டு இருக்கே! ஏரியில பிடிச்சு, நானே பெயின்ட் வச்சு விட்டது."

எவ்வளவு தூரம் பரவுகிறது என்று பார்க்கத்தான் அந்தப் பொட்டு. பொட்டு வைத்தது மறுபடி வலையில் சிக்கினால் தண்ணீரில் விடக் கூடாது என்று உத்தரவு. அதனால் வாளியில் உயிரோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். மறுநாள் தட்டில் வறுவலாக வரும். "கடல் இறால் இதுக்குப் பக்கத்துல நிக்க முடியுமா!" என்று விரலைச் சூப்பிச் சூப்பிச் சாப்பிடுவார்.

"நாளைக்குப் பெரிய அதிகாரிங்க எல்லாரும் வர்றாங்க. மேடையில இதைத்தான் சொல்லப்போறேன். பதவி உயர்வு கையில கிடைச்ச மாதிரிதான்."

"சொல்லியே ஆகணுமாங்க? யாராவது சிரிச்சுட்டா?"

"போடி, உனக்கென்ன தெரியும்? எலும்பே இல்லாத ஜந்து அந்தப் பாறையை ஏறியிருக்கு. நீ என்னடான்னா தினமும் காலையில நடக்கப் போறேன்னு போற, மூட்டு வலி கூடுதே ஒழியக் குறையக் காணோம்!"

அவள் தைலப் புட்டியை மூடினாள். முகம் அழுதுவிடும்போல இருந்தது.

"திட்டாதீங்க. நாலு பேர் முன்னாடி நீங்க தலைகுனியக் கூடாது, அதான் சொல்றேன். உயிரோட கொடுக்கை ஆட்டுறதைக் கொதிக்கிற எண்ணெயில போட எனக்கு மனசு வரலைங்க. ஏரியில விட்டா மறுபடி உங்க வலையிலதான் மாட்டும். நீங்க சாப்பிட்டதெல்லாம் மார்க்கெட்டுல வாங்கின கடல் இறால்."

"அப்போ பாறை உச்சிக்கு?" என்றார் ஆய்வாளர்.

"அந்தப் பாறையில வாளியும் கையுமா ஏறினது நான்தாங்க."