நாத்திகன் வேடத்தில் என் முகம்

நான் சொல்வதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு அழுகட்டும். இப்போதெல்லாம் சாமித் தொடர்கள், பார்க்கிறவர் முகத்தையே கணினியில் சேர்த்து, வீட்டுக்கு வீடு வேறாக வருகின்றன. எங்கள் வீட்டுக்கு வரும் ‘காளி கேட்கிறாள்’ தொடரில் நாத்திகனுக்கு என் முகத்தையே வைத்துவிட்டார்கள். அதே வழுக்கை, மூக்கில் அதே மரு. வெள்ளிக்கிழமை காளி அவனை எரிக்கப் போகிறாள் என்று அறிவிப்பு வந்ததும் என் மனைவி பேச்சியம்மாள் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள்.

“ஏ பிள்ளே, இது கம்பெனிக்காரன் வித்தை. திருநீறு விளம்பரமாத்தான் இருக்கும்,” என்றேன்.

“தொடர்ல அவனும் இப்படித்தாங்க பேசுதான்! ஒரு தடவை பூசுங்க, நான் சோறு திங்கேன்.”

அவள் சர்க்கரை நோய்க்காரி. இரண்டு நாள் பட்டினிக்கே குரல் நடுங்கியது. வியாழக்கிழமை நெற்றியைக் காட்டினேன், அவளே பூசிவிட்டாள்.

மறுநாள் தொடரில் என் முகத்துக்காரன் கடைசி நொடியில் காளியின் காலில் விழுந்து தப்பித்தான். “பாத்தியளா!” என்று பேச்சியம்மாள் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள். டிவிக்காரனுக்கு என் நெற்றி எப்படித் தெரிந்தது என்று அன்றிலிருந்து எனக்கு ஒரே சந்தேகம்.

எனக்குப் பார்வை போய் ஆறு வருடமாகிறது.