பத்து நாள் காற்று

மாலை வெயில் ஜன்னல் வழியாக அலமாரிமேல் சாய்ந்து விழுகிறது. மாமனார் தன் கையால் மரத்தில் செதுக்கிய ஏழு நீர்மூழ்கிக் கப்பல்கள் அதில் காலவரிசைப்படி நிற்கின்றன. முப்பது வருடம் நீர்மூழ்கியில் மெக்கானிக்காக இருந்தவர் அவர். வரிசையில் கடைசியாக நிற்பது மகன் வேலை பார்க்கும் கப்பல். அது கடலுக்குள் இறங்கி, ஒரு தகவலும் இல்லாமல் இன்றோடு ஏழு நாள். தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு மருமகள் உட்கார்ந்திருக்கிறாள்.

“உள்ள காத்து எத்தன நாளைக்கு மாமா தாங்கும்?”

அவர் முதல் கப்பலை எடுத்துத் துணியால் துடைக்கிறார். “இது உலகப் போர்ல ஓடினதும்மா. ரெண்டு நாளே பெருசு. ஆனா என்ன அழகு பாரு, திமிங்கிலக் குட்டி மாதிரி.” அடுத்தது அவரே வேலை பார்த்த வகை. அதன் டீசல் வாடை கல்யாணத்தன்றுகூடத் தன்னை விட்டுப் போகவில்லை என்கிறார். அவள் சிரிக்கவில்லை. அவர் அடுத்ததை எடுக்கிறார். “இது அணுசக்தியில ஓடுறது. மாசக்கணக்கா அடியிலயே கிடக்கும்…”

“அவர் போனதச் சொல்லுங்க மாமா.”

அந்தக் கப்பல் பழுதாகி அடியில் கிடந்தால் காற்று ஆறு நாள்தான். அது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். “பத்து நாள்,” என்கிறார், அலமாரியைப் பார்த்தபடியே.

“அப்ப இன்னும் மூணு நாள் இருக்கு.”

அவள் எழுந்து உள்ளே போகிறாள். இரண்டு நாளாகப் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் கிடந்தவள் தட்டெடுக்கும் சத்தம் கேட்கிறது. அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் முகத்தைத் திருப்புவதாக இல்லை.