பிரிக்காத பொட்டலம்

"அரசுப் பல்கலைக்கழகத்துல சேர நாளைக்குத்தான் கடைசி நாள்பா" என்றாள் ஹேமாவதி.

ஏகாம்பரம் தறியை விட்டு எழவில்லை. "நேத்து சந்தோஷ்குமார் சார் வீட்டுக்கே வந்து என்ன சொன்னாரு? தனியார்ல ஏசி கிளாஸு, வாசலுக்கே பஸ்ஸு. என் சொந்தப் பொண்ணுக்குச் சொல்ற மாதிரி சொல்றேன்னாரே!"

"அந்தத் தனியார் பல்கலைக்கழகத்துக்கு ஆள் சேர்க்கறதுதான்பா அவரு வேலை. வேற என்ன சொல்வாரு?"

"சும்மா பேசிக்கினு இருக்காத. அம்மன்கிட்ட பூ கட்டிப் பார்த்துடுவோம். வெள்ளைப் பூ வந்தா அரசு, சிவப்பு வந்தா தனியார். அதுக்கப்புறம் நீயும் பேசக் கூடாது, நானும் பேசக் கூடாது."

கோயிலில் வெள்ளிக்கிழமைக் கூட்டம். குருக்கள் பூ வைத்துக் கட்டிய இரண்டு பொட்டலங்களையும் அம்மன் காலடியில் வைத்து, ஒன்றை எடுத்து ஏகாம்பரத்திடம் கொடுத்தார். அவர் நூலை அவிழ்ப்பதற்குள் அடுத்த அர்ச்சனை தொடங்கிவிட்டது.

"பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ."

"சுகாசினி, ரோகிணி. என் பொண்ணுதான் சாமி. அரசுப் பல்கலைக்கழகத்துல எப்படியாவது ஒரு சீட்டு கிடைச்சுடணும்னு நல்லா வேண்டிக்குங்க."

பழக்கமான குரல். ஏகாம்பரம் திரும்பிப் பார்த்தார். தேங்காய்த் தட்டை நீட்டியபடி, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார் சந்தோஷ்குமார்.

"பிரிச்சுப் பாருப்பா" என்றாள் ஹேமாவதி, பயத்தோடு.

ஏகாம்பரம் பொட்டலத்தை அப்படியே மகள் கையில் வைத்தார்.

"எந்தக் கலரா இருந்தா என்னம்மா? தலையில வெச்சுக்கினு வா. காலையில முதல் பஸ்ஸுக்கே அரசுப் பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பணும்."